நாணய வாசகமும் மொழிச் சான்றும்

1. சிக்கல்

மொழி வரலாற்றாய்வாளர் கல்வெட்டையும் நாணயத்தையும் ஒத்த மதிப்புடைய சான்றுகளாகக் கொள்வது வழக்கம். எனினும் இரண்டிற்கும் அடிப்படை வேறுபாடு ஒன்று உண்டு. பாறைக் கல்வெட்டு இருந்த இடத்திலேயே இருக்கும். நாணயம் கைமாறிக்கொண்டே வரும். ஆற்று மணலிலோ வணிகரிடமோ கிடைக்கும் நாணயத்திற்கு அகழாய்வு மண்ணடுக்கின் துணை இல்லை. எனவே அதன் வாசகத்தை இலக்கணச் சான்றாகக் காட்டுமுன் அது மெய்யானதா என்பது தெளியப்படவேண்டும். போலி நாணயம் தந்த ஒரு வேற்றுமை உருபு மொழி வரலாற்றில் இடம்பெற்றுவிடின், அதனை அடியாகக் கொண்ட முடிவுகள் யாவும் பழுதுபடும்.

2. பொருள்வழிச் சோதனை

முதலில் எடையும் ஒப்படர்த்தியும் நோக்கப்படும். தூய வெள்ளியின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 10.5; பொன்னின் ஒப்படர்த்தி 19.3. எக்ஸ் கதிர் ஒளிர்வு முறை நாணயத்தைச் சிதைக்காமல் உலோகக் கலவையைக் காட்டும். ஆனால் அது மேற்பரப்பையே பெரிதும் அளக்கிறது. அடுத்து, நாணயம் அச்சு கொண்டு அடிக்கப்பட்டதா, வார்க்கப்பட்டதா என்று காணவேண்டும். அடிக்கப்பட்டிருக்கவேண்டிய வகையில் விளிம்பில் இணைப்புக்கோடும் முகப்பில் நுண்குழிகளும் தென்பட்டால் ஐயம் எழும். இரு நாணயங்கள் ஒரே அச்சில் பிறந்திருக்கலாம். ஆனால் புழக்கத்தால் நேர்ந்த ஒரே கீறல் இரண்டிலும் இருத்தல் இயலாது. அவ்வாறிருப்பின் ஒன்றேனும் வார்ப்புப் படியாகும்.

இச்சோதனைகள் மட்டும் போதா. ஜெர்மானியரான பெக்கர் (1772–1830) தாமே அச்சுகளைச் செதுக்கிப் பழைய நாணயங்களைப் போல அடித்தவர். அவருடைய படைப்புகளில் வார்ப்பின் குறிகளைத் தேடிப் பயனில்லை.

3. மொழிவழிச் சோதனை

சாதவாகனரின் இருமொழி வெள்ளி நாணயங்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வாசிட்டிபுத்திர புளுமாவியின் நாணயத்தில் ஒருபுறம் பிராகிருதமும் மறுபுறம் திராவிட மொழி வாசகமும் உள்ளன. பிராகிருதத்தில் 'புத' என்பதற்கு ஈடாக மறுபுறம் 'மகன' என்றும், 'ஸிரி' என்பதற்கு ஈடாகத் 'திரு' என்றும் வருகின்றன. பெயர்களின் இறுதியில் வரும் எழுத்தை டி. சி. சர்க்கார் 'ஷ' என்றும், இரா. பன்னீர்செல்வம் 'கு' என்றும் படித்தனர். முன்னது ஆறாம் வேற்றுமைப் பொருளுக்கும், பின்னது நான்காம் வேற்றுமை உருபிற்கும் இட்டுச் செல்லும். மொழிபெயர்ப்பாளர் 'அரசனுடைய' என்று எழுதுவதா, 'அரசனுக்கு' என்று எழுதுவதா என்பது இவ்வோர் எழுத்தைச் சார்ந்ததே.

இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு. எழுத்தின் ஒலி எதுவாயினும், அதே குறி அரசனைச் சுட்டும் ஒவ்வொரு பெயரின் இறுதியிலும் திரும்ப வருகிறது. இவ்வியைபை வாசிப்பு முடிவாகுமுன்பே சோதிக்கலாம். வடிவத்தை மட்டும் அறிந்து புதிய வாசகம் புனையும் போலியாளர் பெரும்பாலும் தவறுவது இத்தகைய இலக்கண இயைபிலேதான்.

4. இருவகை எச்சரிக்கை

பிழையுள்ள வாசகம் யாவும் போலியன்று. மேற்கு க்ஷத்ரபரின் மெய்யான வெள்ளி நாணயங்களிலேயே கிரேக்க எழுத்துகள் காலப்போக்கில் பொருளிழந்து வெறும் அணியாய்த் தேய்ந்தன. மறுதலையாக, பிழையற்ற வாசகம் யாவும் மெய்யுமன்று. அச்சில் வெளிவந்த வாசிப்பை, அதன் பதிப்பாசிரியர் ஊகித்து நிரப்பிய எழுத்துகளோடு சேர்த்து அப்படியே காட்டும் புதிய நாணயம் கிடைப்பின், மகிழ்ச்சியினும் ஐயமே முந்தவேண்டும்.

5. முடிவு

நாசிக் அருகே ஜோகல்தம்பியில் 1906-இல் கிடைத்த புதையலில் 13,000-க்கும் மேற்பட்ட நகபானன் நாணயங்கள் இருந்தன. அவற்றுள் 9,000-க்கும் மேற்பட்டவை கௌதமிபுத்திர சாதகர்ணியால் மீண்டும் அச்சிடப்பட்டவை. இத்தகைய தொகுதியின் சான்று வலிமை தனி நாணயத்திற்கு இல்லை. ஆகவே, கிடைத்த இடம், எடை, அச்சு ஒப்புமை ஆகியன பதிவாகாத தனி நாணயத்தின் சொல்வடிவைத் துணைச் சான்றாகவே கொள்ளலாம். பிறிதொரு சான்று அதனை உறுதி செய்யும் வரை அவ்வடிவு அகராதியிலும் இலக்கணத்திலும் ஐயக்குறியுடன் நிற்றலே முறை.