லண்டன் மதுசாலைகளும் ஒரு மாத விரதமும்

புத்தாண்டுக் கொண்டாட்டத்தின் களைப்புத் தீராத ஜனவரி முதல் தேதியன்று, இனி முப்பத்தொரு நாட்களுக்கு மதுவைத் தொடுவதில்லை என்று சங்கல்பம் செய்துகொள்கிறவர்கள் பிரிட்டனில் இன்று லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். ஆல்கஹால் கன்ஸர்ன் என்ற தர்ம ஸ்தாபனம் 2013-ஆம் ஆண்டில் 'டிரை ஜனவரி' என்ற பெயரில் இந்த இயக்கத்தைத் தொடங்கியபோது, அதில் பெயர் கொடுத்தவர்கள் சுமார் 4,000 பேர்தான். மதுவை விடும் பிரதிக்ஞை அந்தத் தேசத்துக்குப் புதிதல்ல. 1832-இல் வட இங்கிலாந்தின் பிரஸ்டன் நகரத்தில் ஜோஸப் லிவ்ஸேயும் அவருடைய சகாக்களும் கையெழுத்திட்ட உறுதிமொழியிலிருந்து பெரியதொரு மதுவிலக்கு இயக்கமே கிளம்பிற்று. ஆனால் அவர்களுடைய லட்சியம் மதுவைத் துறப்பது. இன்றைய விரதமோ ஒரு மாதத்தோடு முடிகிறது. முடிகிற அந்தப் பிப்ரவரி மாலையில், அலுவலகம் விட்டு வெளியே வருகிற மனிதர் மறுபடி எந்த மதுசாலையின் வாசற்படி ஏறுவது என்பதை, அற்பக் கேள்வி என்று நான் ஒதுக்க மாட்டேன்.

ஏனென்றால், அந்த ஒரு மாதத்தில் சம்பாதித்தது கொஞ்சமன்று. லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனை ஆராய்ச்சியாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், அளவுக்குச் சற்று மிஞ்சிக் குடித்துவந்தவர்கள் ஒரு மாதம் நிறுத்தியதால் அவர்களுடைய ரத்த அழுத்தமும் எடையும் குறைந்ததோடு, இன்சுலின் உடலில் வேலை செய்யும் திறனும் விருத்தியடைந்தது தெரியவந்தது. ஸஸெக்ஸ் பல்கலைக்கழகத்தார், விரதமிருந்தவர்களை ஆகஸ்டு மாதத்தில் மறுபடி விசாரித்தபோது, முன்பு வாரத்துக்குச் சராசரி 4.3 நாட்கள் குடித்துவந்தவர்கள் 3.3 நாட்களோடு நிறுத்திக்கொண்டிருந்தார்கள். பழக்கத்தின் பிடி சற்றே தளர்ந்திருக்கும் அந்தச் சமயத்தில் முதல் நாள் போய் உட்காருகிற இடம் எப்படிப்பட்டதோ, அடுத்த பதினொரு மாதங்களும் பெரும்பாலும் அப்படிப்பட்டவையாகவே அமையும் என்பது என் அபிப்பிராயம். ஆகையால் பானத்தைப் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுக்காமல், கூடத்தையும் கூட்டாளிகளையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். கொஞ்சமாகக் குடித்து நெடுநேரம் உட்கார்ந்திருக்கத் தகுந்த கூடமாக அது இருக்கவேண்டும்.

அந்த லட்சணம் முழுவதும் பொருந்திய ஸ்தலம் என்று நான் சொல்வது, தேம்ஸ் நதிக்குத் தெற்கே ஸதர்க் பகுதியில் உள்ள ஜார்ஜ் இன் என்ற மதுசாலை. லண்டன் பிரிட்ஜ் ரயில் நிலையத்துக்கு அருகே, பரோ ஹை ஸ்ட்ரீட்டின் இரைச்சலிலிருந்து ஒரு வாயில் வழியாக உள்ளே திரும்பினால், கற்கள் பாவிய முற்றமும், அதன் ஒரு பக்கத்தில் மரத்தூண்கள் தாங்கும் தாழ்வாரங்களுமாக நீண்டு கிடக்கிறது பழைய வண்டிச் சத்திரம். 1676-ஆம் ஆண்டில் ஸதர்க்கை அழித்த பெரு நெருப்புக்குப் பின் அது புதுப்பித்துக் கட்டப்பட்டது. குதிரை வண்டிகளின் காலம் போய் ரயிலின் காலம் வந்தபோது, ரயில் கம்பெனியார் கிடங்கு கட்டுவதற்காகச் சத்திரத்தின் மற்றப் பகுதிகளை இடித்துவிட்டார்கள். எஞ்சிய தெற்குப் பகுதி 1937-இல், புராதனக் கட்டிடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்டின் வசம் வந்தது. தாழ்வாரங்களோடு கூடிய வண்டிச் சத்திரங்களில் லண்டனில் மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். தளம் சாய்ந்தும் உத்தரம் தாழ்ந்தும் உள்ள அந்தச் சிறு அறைகளில் யாரும் யாரையும் அவசரப்படுத்துவதில்லை. நெடுந்தூரப் பிரயாணிகள் வண்டிக்குக் காத்திருந்த இடமாகையால், காத்திருத்தலே அதன் சுபாவமாகிவிட்டது போலும்.

புளூம்ஸ்பரியில் உள்ள லாம் என்ற மதுசாலை வேறு வகையில் ரசிக்கத்தக்கது. அங்கே கல்லாப் பலகையின்மேல், முகத்துக்கு நேரான உயரத்தில், செதுக்கு வேலை செய்த கண்ணாடிச் சதுரங்கள் மரச் சட்டங்களில் வரிசையாகப் பொருத்தப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றையும் விரலால் தள்ளித் திருப்பலாம். தாம் குடிப்பதைப் பிறர் பார்ப்பதை விரும்பாத விக்டோரியா காலத்துக் கனவான்கள், திருப்பிய கண்ணாடியின் இடுக்கு வழியே பானத்தைக் கேட்டு வாங்கி, மறுபடி அதை மூடிக்கொள்வார்கள். மதுவைக் குறித்த கூச்சத்துக்கு இத்தனை அழகான தச்சு வேலை வேறெங்கும் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. இன்று அந்த மறைவு யாருக்கும் தேவைப்படுவதில்லை. ஆனாலும் அந்தக் கண்ணாடிகளின் எதிரே உட்கார்ந்து பேசுவது மனத்துக்கு இதமாக இருக்கிறது.

ஃப்ளீட் ஸ்ட்ரீட்டில், 1666-ஆம் ஆண்டுத் தீ விபத்துக்கு மறுவருஷம் திரும்பக் கட்டிய ஓல்டு செஷயர் சீஸ் என்ற மதுசாலை மிகப் பிரசித்தமானது. சந்தில் உள்ள அதன் வாசலில், அது கண்ட மன்னர்களின் பெயர்களைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் பிரசித்தியின் காரணமாகவே கூட்டம் அதிகம். இடித்துத் தள்ள இருந்த நிலையில் கவிஞர் ஜான் பெட்ஜமன் முதலியோரின் கிளர்ச்சியால் பிழைத்த பிளாக் ஃப்ரையர் என்ற மதுசாலையை, அதன் சலவைக்கல்லுக்காகவும் செம்புச் சிற்பங்களுக்காகவும் ஒருமுறை பார்க்கத்தான் வேண்டும். ஸேவாய் ஹோட்டலின் அமெரிக்கன் பாரையும், ஸெயின்ட் ஜேம்ஸில் உள்ள டியூக்ஸ் பாரையும் மார்ச் மாதத்துக்குத் தள்ளி வைப்பதே உசிதம். டியூக்ஸில் ஒருவருக்கு மார்ட்டினி என்ற கடுமையான மதுக்கலவையை இரண்டுக்கு மேல் தருவதில்லை என்பது விதி. விதியே வேண்டியிருக்கிற பானம், விரதம் முடித்த உடம்புக்கு ஏற்றதல்ல.

விரதத்தை இன்னும் சிறிது நீட்டிக்க விரும்புகிறவர்களுக்கும் இப்போது இடம் உண்டு. மது நீக்கிய பீர் செய்யும் லக்கி ஸெயின்ட் கம்பெனி 2023-இல் மேரிலபோன் பகுதியில் தன் பெயரிலேயே ஒரு மதுசாலையைத் திறந்தது. அங்கே மதுவுள்ள பானமும் கிடைப்பதால், குடிக்கும் நண்பரும் குடிக்காத நண்பரும் ஒரே மேஜையில் சங்கடமின்றி அமரலாம்.

அமர்ந்தபின் என்ன கேட்பது? நிலவறைப் பீப்பாயிலிருந்து கைப்பிடியை இழுத்து ஊற்றித் தரும் 'பிட்டர்' என்ற பீரில் அரை பைன்ட் கேட்டால் போதும். 4 சதவீத மதுவுள்ள பீர் ஒரு பைன்ட், அதாவது 568 மில்லிலிட்டர், மதுவின் அளவைக் குறிக்கும் பிரிட்டிஷ் கணக்கில் 2.3 யூனிட் ஆகிறது. வாரத்துக்கு 14 யூனிட்டுக்கு மேற்பட வேண்டாம், அதையும் மூன்று நாட்களுக்குக் குறையாமல் பகிர்ந்துகொள்க என்று பிரிட்டிஷ் அரசாங்கத்தின் தலைமை மருத்துவ அதிகாரிகள் 2016-இல் ஆண்களுக்கும் பெண்களுக்கும் பொதுவாக அறிவுறுத்தினார்கள். இந்தக் கணக்கைக் கெடுப்பது பானத்தைவிட 'ரவுண்டு' என்னும் சம்பிரதாயமே. நால்வர் சேர்ந்து போனால் ஆளுக்கொரு தடவை நால்வருக்கும் வாங்கித்தர வேண்டும் என்பது எழுதாத சட்டம். மரியாதைக்குப் பயந்து நான்கு பைன்ட் குடித்தவர், அந்த ஒரே மாலையில் 9 யூனிட்டைத் தீர்த்துவிடுகிறார். ஆகையால் உட்காரும்போதே, "எனக்கு வேண்டியதை நானே வாங்கிக்கொள்கிறேன்" என்று சிநேகமாகச் சொல்லிவிடுங்கள். பிப்ரவரியில் இதைத் தவறாக எடுத்துக்கொள்ளும் நண்பர்கள் குறைவு.

மதுவை நிறுத்தியவுடன் கை நடுக்கமும் வியர்வையும் கண்டவர்கள் விஷயம் வேறு. அவர்களுக்கு வேண்டியவர் மருத்துவர்; அவரைக் கேளாமல் திடீரென்று நிறுத்துவது ஆபத்து, மறுபடி தொடங்குவதும் தகாது. மற்றவர்கள் தயங்காமல் சிறிய அளவையே கேளுங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2010-இல் வந்த லைசென்ஸ் நிபந்தனைகளின்படி, கடைக்காரர் பீரை அரை பைன்ட் அளவிலும் தரக் கடமைப்பட்டவர். கேட்பவர்களுக்குக் குழாய்த் தண்ணீரை இலவசமாகவும் தரவேண்டும்.