கடவுச்சொல் கடன் கொடுக்கலாமா?

ஸ்ரீ கெம்பாங்கான் வட்டாரக் கல்லூரிகளில் நம்மவர்கள் பலர் பணிபுரிகின்றனர். விடுப்பில் இருக்கும் விரிவுரையாளருக்கு அழைப்பு வருகிறது: "மதிப்பெண் பதியணும், உங்க கடவுச்சொல் என்ன டீச்சர்?" அவரும் சொல்லிவிடுகிறார். நல்ல மனசுதான்!

ஆனால், 2000 ஜூன் 1-இல் நடப்புக்கு வந்த 1997 கணினிக் குற்றச் சட்டம், அதிகாரமின்றிக் கடவுச்சொல்லை இன்னொருவருக்குத் தெரிவிப்பதையே குற்றமாக்கியது. 6ஆவது பிரிவில் 25,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை அல்லது இரண்டும். கேட்டவர் நெருங்கிய தோழி என்பது சாக்காகாது.

சிறையை விடுங்கள். நாளை ஒரு மாணவரின் மதிப்பெண் மாறியிருந்தால், கணினிப் பதிவில் நிற்பது உங்கள் பெயர்தான். மாற்றியது நீங்கள் இல்லை என்று எப்படிக் காட்டுவீர்கள்?

விடுப்புக்கு மனு எழுதும்போதே, உங்கள் வேலையைப் பார்ப்பவருக்குத் தனிக் கணக்கு திறக்கும்படி கணினிப் பிரிவிடம் கேளுங்கள். நீங்கள் திரும்பியதும் அதை மூடிவிடலாம்.