கரும்பு மஞ்சளானால் எந்தத் தோகை என்று பாருங்கள்

மைசூரிலிருந்து வரும் சாலை ஊட்டிக்கும் வயநாட்டுக்கும் பிரிகிற ஊர் குண்டலுபேட்டை. அங்கே சாலையோரச் சூரியகாந்தியின் மஞ்சளைப் பார்த்து வண்டியை நிறுத்திப் படம் எடுப்பவர்கள் ஏராளம். அதே மஞ்சள் கரும்புத் தோட்டத்தில் படர்ந்தால் விவசாயிக்கு வயிறு கலங்கும். உடனே ஒரு மூட்டை யூரியா வாங்கி வந்து போடுவார். மஞ்சளுக்குக் காரணம் தழைச்சத்துக் குறைவாக இருந்தால் பயிர் தேறும். இல்லையென்றால் பணமும் போகும், நாளும் போகும்.

அடித்தோகையா, குருத்தா?

தழைச்சத்து போதாதபோது பயிர் பழைய தோகையில் இருப்பதை எடுத்துக் குருத்துக்குக் கொடுக்கும். அதனால் அடித்தோகை முழுதும் ஒரே சீராக வெளிறும். அடித்தோகையின் நுனியும் ஓரமும் கருகினால் சாம்பல் சத்துக் குறைவு.

இரும்புச்சத்து அப்படி இடம் மாறாது. அது குறைந்தால் குருத்துத் தோகைதான் முதலில் வெளுக்கும். நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாக நிற்கும். சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில், குறிப்பாக மறுதாம்புக் கரும்பில் இது அதிகம். மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாத நிலை இது. லிட்டருக்கு 5 முதல் 10 கிராம் அன்னபேதி கரைத்துத் தெளித்த பின் வரும் தோகை பச்சையாக இருந்தால் நோய் இல்லை, பசிதான்.

நடுநரம்பு மஞ்சளானால்

ஆறு மாதம் தாண்டிய கரும்பில், மேலிருந்து மூன்றாவது முதல் ஐந்தாவது தோகைக்குள் ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்க நடுநரம்பு பளிச்சென்று மஞ்சளாகி, அங்கிருந்து இருபுறமும் பரவி, நுனியிலிருந்து காய்ந்து வந்தால் அது மஞ்சள் இலை நோயாக இருக்கலாம். இது வைரஸ் நோய். 1989-ல் ஹவாய்த் தீவுகளில் கவனத்துக்கு வந்தது. இந்தியாவில் 1999-ல் பதிவானது. கரும்பு அசுவினி இதைச் செடிக்குச் செடி கடத்தும். வயலுக்கு வயல் கொண்டுபோவது பெரும்பாலும் நாம் நடும் கரணை.

தூரையும் பாருங்கள்

தூர் முழுக்க வாடி, இழுத்ததும் கையோடு வந்தால் வேரடி மண்ணைக் கிளறுங்கள். வெள்ளை வேர்ப்புழு கிடைக்கும். மேல்தோகை மஞ்சளாகிக் காயும் கரும்பை நெடுக்காகப் பிளந்தால், சிவந்த சதையில் குறுக்கே வெள்ளைத் திட்டுகளும் புளித்த வாடையும் இருந்தால் செவ்வழுகல். தூர் புல் கற்றைபோல மெலிந்து வெளுத்தால் பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரி காரணம்.

எங்கே கேட்பது?

மண் பரிசோதனை சத்துக் குறையைச் சொல்லிவிடும். வைரஸை ஆய்வகச் சோதனைதான் உறுதிசெய்யும். 1912-ல் தொடங்கிய கோவை கரும்பு இனப்பெருக்க நிறுவனமும், மண்டியா வி.சி. பண்ணை ஆராய்ச்சி நிலையமும் குண்டலுபேட்டைக்கு எட்டும் தொலைவில்தான் இருக்கின்றன.

மஞ்சள் இலை நோய் வந்த பயிரைக் குணமாக்க மருந்து கிடையாது. கரணையை வெந்நீரிலோ நீராவியிலோ நேர்த்தி செய்தாலும் இந்த வைரஸ் போகாது. குருத்துநுனித் திசு வளர்ப்பில் உருவாக்கி, வைரஸ் இல்லை என்று சோதித்த நாற்றே வழி. ஆகவே பக்கத்துத் தோட்டத்தில் கரணை இலவசமாகக் கிடைக்கிறதென்றாலும், அங்கே நடுநரம்பு மஞ்சளாக இருந்தால் வெட்டி வராதீர்கள்.