தவில் நடுக்கம், நாயன நடுக்கம்

டெக்சாஸில் 2025 ஜனவரி 1 முதல் சொந்த உபயோகக் கார்களுக்கு ஆண்டுதோறும் நடந்துவந்த பாதுகாப்புச் சோதனை கிடையாது. நியூ ஜெர்சி 2010-லேயே அதைக் கைவிட்டுப் புகைச் சோதனையோடு நின்றுகொண்டது. கலிஃபோர்னியாவும் கேட்பது புகையைத்தான். இந்த மாநிலங்களின் எடிசனிலோ ஃப்ரீமான்ட்டிலோ ஃப்ரிஸ்கோவிலோ இருபது வயதான ஜீப் ராங்ளர் ஒன்றை ஆசைப்பட்டு வாங்கி வீட்டு வாசலில் நிறுத்தும் தமிழருக்கு, அதன் பால் ஜாயிண்ட்டில் எவ்வளவு பிளே இருக்கிறது, ஹெட்லைட் எர்த் துருப்பிடித்திருக்கிறதா என்று வருடத்துக்கு ஒருமுறை பார்த்துச் சொல்ல அரசுத் தரப்பில் யாரும் இல்லை. அவரேதான் குனிந்து பார்க்க வேண்டும்.

குனிய வைக்கும் சம்பவம் பெரும்பாலும் நெடுஞ்சாலையில் நடக்கிறது. மணிக்கு 55 மைல். பாலம் தொடங்கும் இடத்தில் சின்னதாக ஒரு தூக்கல். அடுத்த நொடி ஸ்டியரிங் கையை உதறிக்கொண்டு இடமும் வலமும் அடிக்கிறது, முன்பக்கமே கழன்று விழப்போவதுபோல் வண்டி குலுங்குகிறது. வேகம் நன்றாக இறங்கும்வரை அது நிற்பதில்லை. அமெரிக்க ஜீப்காரர்கள் இதை ‘டெத் வாபிள்’ என்கிறார்கள். பெயர் மிரட்டினாலும் உள்ளே இருக்கும் இயற்பியல் அழகானது.

முதலில் இரண்டு நடுக்கங்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். வீல் பேலன்ஸ் சரியில்லாத வண்டியும் நடுங்கும். அது தவில் அடி மாதிரி. கனமான பக்கம் ஒரு சுற்றுக்கு ஒருமுறை தட்டுகிறது, தட்டும்போதெல்லாம் அதிர்வு. 31 அங்குல டயரின் சுற்றளவு ஏறத்தாழ இரண்டரை மீட்டர். 55 மைல் வேகத்தில் அது நொடிக்குப் பத்து முறை சுழலும், ஆகவே நொடிக்குப் பத்து தட்டு. வேகம் கூடினால் தட்டும் கூடும். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் அதிகமாகத் தெரிந்து, அதைத் தாண்டினால் குறைந்துவிடும். மேடு பள்ளம் எதுவும் இதற்குத் தேவையில்லை. பேலன்சிங் செய்தால் தீர்ந்தது.

டெத் வாபிள் நாயனம் மாதிரி. வித்வான் ஊதும் மூச்சு சீரானதுதான், அதில் தட்டு எதுவும் இல்லை. சீவாளியின் இரண்டு இதழ்களுக்கு நடுவே காற்று பாயும்போது அங்கே அழுத்தம் குறைகிறது, இதழ்கள் நெருங்குகின்றன, காற்று தடைபடுகிறது, நாணலின் விறைப்பு இதழ்களை மறுபடி விரிக்கிறது. சீராக வந்த மூச்சு அதிர்வாகிவிட்டது. யாரும் அடிக்காமலே ஒலிக்கும் கருவி அது.

ஜீப்பில் மூச்சு என்பது வண்டியின் முன்னோக்கிய ஓட்டம். முன்சக்கரங்கள் இரண்டையும் ஒரே உருட்டுக்குழாயாக ஆக்சில் பிணைத்திருக்கிறது. இடது சக்கரம் மேட்டில் ஏறினால் ஆக்சில் முழுவதும் சாய்கிறது, வலது சக்கரமும் கூடவே சாய்கிறது. சுழலும் சக்கரத்தைச் சாய்த்தால் அது பம்பரம்போலப் பக்கவாட்டில் திரும்பும். திரும்பிய டயர் தரையைப் பக்கவாட்டில் தள்ளும். அந்தத் தள்ளுதான் சக்கரத்தை நேராக்க வேண்டும். ஆனால் ரப்பர் உடனே பதில் சொல்வதில்லை. டயர் கொஞ்ச தூரம் உருண்டு முறுக்கிக்கொண்ட பிறகே முழு விசையும் வந்து சேர்கிறது. இந்தச் சிறு தாமதத்தில்தான் விஷயமே இருக்கிறது. வருகிற ஊஞ்சலைப் பிடித்து நிறுத்த நீட்டிய கை ஒரு கணம் பிந்தினால், போகிற ஊஞ்சலைத் தள்ளிவிடுகிறது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இன்னொரு தள்ளு, எல்லாவற்றுக்கும் சக்தி எஞ்சினிலிருந்து.

அப்படியானால் எல்லா ஜீப்பும் ஏன் ஆடுவதில்லை? சீவாளியில் இடைவெளி வேண்டும் என்பதுபோல, இங்கே பிளே வேண்டும். ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் சேஸிஸோடு பிடித்துவைக்கும் கம்பி டிராக் பார். அதன் புஷ் தேய்ந்தோ போல்ட் தளர்ந்தோ ஒரு மில்லிமீட்டர் ஆட்டம் வந்தால், அந்த மில்லிமீட்டருக்குள் ஆக்சிலைப் பிடிக்க ஆளில்லை. மூச்சைக் குறைத்தால் நாயனம் அடங்குகிறது, வேகத்தைக் குறைத்தால் ஜீப்பும் அடங்குகிறது. உதட்டால் சீவாளியை இறுக்கிக் கவ்வினால் ஒலி நிற்கிறது, டிராக் பாரை முறையாக இறுக்கினால் வாபிளும் நிற்கிறது. நாயனத்தின் விரிந்த வாயான அனசில் துணியை அடைத்தால் சத்தம் மங்கும், ஆனால் உள்ளே சீவாளி அதிர்ந்துகொண்டேதான் இருக்கும்.

அந்தத் துணிதான், ஸ்டியரிங்கின் ஆட்டத்தைத் தணிக்கும் ஸ்டியரிங் டாம்பர். ‘வாபிளுக்கு ஒரே தீர்வு’ என்று இரட்டை டாம்பர்களை விற்கிறார்கள். புதிதாகப் போட்டதும் வண்டி சாதுவாகிவிடும் என்பது உண்மை. அடியில் தேய்மானம் தொடர்கிறது என்பதும் உண்மை. 2019-ல், அப்போது ஜீப்பைத் தயாரித்த எஃப்சிஏ நிறுவனமே 2018 முதல் வந்த ராங்ளர்களுக்குப் புதிய டாம்பரை இலவசமாக மாற்றித் தருவதாக அறிவித்தது. புது வண்டியில் அது போதுமானதாக இருக்கலாம். இருபது வருடம் ஓடிய வண்டியில் டாம்பரை மாற்றுவது நோயை விட்டுவிட்டு வலியை மறைப்பதுதான்.

வரலாறு சுருக்கமானது. 1920-களில் காற்றழுத்தம் குறைந்த பலூன் டயர்கள் வந்ததும் கார்கள் இப்படி ஆடத் தொடங்கின. 1925-ல் பிரெஞ்சுப் பொறியாளர் ப்ரூலியே டயர் பக்கவாட்டில் நழுவுவதை வைத்து இதை ஆராய்ந்தார். 1934 மாடல்களில் ஜெனரல் மோட்டார்ஸ் இரு முன்சக்கரங்களையும் தனித்தனியாக்கியது. 1966-ல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் பசேய்க்கா முனைவர் பட்டம் பெற்றதே சக்கர நடுக்கத்தை ஆராய்ந்துதான். ஒற்றை ஆக்சிலை விடாமல் வைத்திருக்கும் ஜீப் அந்தப் பழைய சிக்கலையும் கூடவே வைத்திருக்கிறது.

கண்டுபிடிக்க இரண்டு பேர் போதும். சக்கரங்கள் நான்கும் தரையில் இருக்க வேண்டும், ஜாக்கி வேண்டாம். எஞ்சின் ஓட, கியர் பார்க்கிங்கில் இருக்க, ஹேண்ட்பிரேக் போட்டு ஒருவர் ஸ்டியரிங்கைச் சற்று இடம், சற்று வலம் என்று ஆட்டுகிறார். மற்றவர் கீழே படுத்து டிராக் பார் போல்ட் தலைமீது விரலை வைக்கிறார். “தம்பி, இன்னும் கொஞ்சம் ஆட்டு” என்று கீழிருந்து அண்ணன் குரல் வரும். டக், டக். கண்ணுக்குத் தெரியாத நகர்வு விரலுக்குத் தெரிந்துவிடும். பிறகு டை ராட் எண்டுகள், ஸ்டியரிங் பாக்ஸை சேஸிஸோடு பிடிக்கும் போல்ட்டுகள், கன்ட்ரோல் ஆர்ம் புஷ்கள். போல்ட் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் புது போல்ட்டும் ஆடும். துளையைச் சரிசெய்தே ஆக வேண்டும். வண்டியை உயர்த்திக் கட்டியிருந்தால் காஸ்டர் கோணத்தையும், அதாவது ஸ்டியரிங் அச்சின் பின்சாய்வையும், அளக்க வேண்டும். 1997–2006 ராங்ளருக்கு அது ஏறத்தாழ 7 டிகிரி. உயர்த்த உயர்த்தக் குறையும்.

இனி பழைய ஜீப்பின் ஹெட்லைட்டுக்கு வருவோம். இங்கேயும் தானாக ஆடும் ஒன்று உண்டு. 1980, 90-களின் ஜீப் செரோக்கி போன்ற வண்டிகளில் ஹெட்லைட் மின்சாரம் முழுவதும் டேஷ்போர்டு சுவிட்ச் வழியாகவே போகிறது, நடுவில் ரிலே இல்லை. சுவிட்சுக்குள் ஈருலோகப் பட்டையால் ஆன ஒரு பிரேக்கர். அதிக வாட் பல்பு மாட்டினால் பட்டை சூடேறி வளைந்து விளக்கை அணைக்கும். ஆறினால் நிமிர்ந்து விளக்கை எரிய வைக்கும். பேட்டரி சீராகத் தருகிற மின்சாரத்தை அந்தப் பட்டை விட்டுவிட்டு எரியும் விளக்காக்கிவிடுகிறது. இதுவும் நாயனக் குடும்பம்தான்.

வெளிச்சம் மங்கலாக இருந்தால் பலரும் உடனே எல்ஈடி பல்பு வாங்குகிறார்கள். ஹாலஜன் இழை இருக்கும் இடத்தைக் குறியாக வைத்துச் செய்த கண்ணாடிக்குள் அது ஒளியைச் சிதறடித்து எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்கிறது. 2007–2018 ராங்ளரில் கணினி மின்சாரத்தைத் துடிப்புத் துடிப்பாக அனுப்புகிறது. சூடான இழை அதைக் காட்டிக்கொள்ளாது, எல்ஈடி சிமிட்டும். பெரும்பாலும் குற்றவாளி பல்பே அல்ல. இழை விளக்கின் ஒளி மின்னழுத்தத்தின் மூன்றாம் அடுக்கையும் தாண்டி மாறுவது. 10 சதவீத மின்னழுத்தம் குறைந்தால் 30 சதவீத வெளிச்சம் போய்விடும். ஹை பீமில் இரண்டு விளக்குக்கும் சேர்த்துப் பத்து ஆம்பியர் ஓடும்போது, அவ்வளவு இழப்புக்கு 0.12 ஓம் தடையே போதும். துருப்பிடித்த ஓர் எர்த் போல்ட் அதைத் தந்துவிடும். நியூ ஜெர்சியில் பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பு இதற்கு நல்ல துணை.

விளக்கைக் கழற்றிவிட்டு மீட்டர் வைத்தால் முழு 12 வோல்ட் காட்டும், ஏமாற்றும். விளக்கு எரியும்போதே பேட்டரி மைனஸுக்கும் விளக்கின் எர்த் முனைக்கும் நடுவே அளக்க வேண்டும். கிட்டத்தட்ட பூஜ்யம் வந்தால் எர்த் நலம். அரை வோல்ட் வந்தால் போல்ட்டைக் கழற்றி, கீழே பளபளக்கும்வரை தேய்க்க வேண்டும். எர்த் முழுக்க அறுந்திருந்தால் மீட்டரே தேவையில்லை. டிம்மில் போட்டுச் சுவர் எதிரே நிறுத்தினால் ஒரு பக்கம் சோகையாக எரியும். டிம் இழைக்குள் வந்த மின்சாரம் எர்த்துக்கு வழியில்லாமல் அதே பல்பின் பிரைட் இழை வழியாகப் பின்னோக்கிப் போய், அடுத்த பக்க விளக்கின் பிரைட் இழையில் இறங்கித் தரையைத் தேடுகிறது. போகிற வழியில் டேஷ்போர்டில் பிரைட்டைக் காட்டும் நீல விளக்கையும் தொட்டுவிடுகிறது. டிம்மில் இருக்கும்போது அந்த நீலம் லேசாக மின்னினால், எந்தப் பக்கம் சோகையோ அந்தப் பக்க எர்த் வயரைத்தான் முதலில் பிடிக்க வேண்டும்.