சந்தன மரத்துக்கும் ஜாதகம்

சந்தனக் கட்டையைக் கல்லில் இழைக்கும்பொழுது வீடெல்லாம் மணக்கிறது. அந்த மணத்தை நுகரும் நாம், அது பிறந்த மரத்தின் கதியை எத்தனை முறை நினைத்திருப்போம்?

திப்பு சுல்தான் 1792-ஆம் ஆண்டில் சந்தனத்தை அரச விருட்சமென்று பிரகடனம் செய்தார். அரசாங்கத்தின் உடைமையாயிருந்தும் அது கோடரிக்குத் தப்பவில்லை. வைரம் ஏறிய கட்டையில்தான் தைலம் உண்டு. ஆகையால் திருடன் பருத்த மரங்களையே தேர்ந்து வெட்டுகிறான். போதாக்குறைக்கு 1899-ல் குடகில் 'ஸ்பைக்' என்னும் நோய் கண்டது. அது பற்றிய மரத்தின் இலைகள் சிறுத்து, ஈட்டி போல் நிமிர்ந்து, சில ஆண்டுகளில் மரமே பட்டுப்போகிறது. 1998-ல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் சந்தனத்தை அபாயத்துக்கு உட்பட்ட இனங்களின் ஜாபிதாவில் சேர்த்தது.

"புதிய கன்றுகளை நட்டால் போயிற்று!" என்று நேயர்கள் சொல்லலாம். எந்த மரத்தின் கன்றுகளை என்பதே கேள்வி.

பறவைகள் பழத்தைத் தின்று சந்தன விதையைப் பரப்புகின்றன. அன்றியும், வெட்டுண்ட மரத்தின் வேரிலிருந்து துளிர்கள் கிளம்பி மரங்களாகின்றன. இவை பிள்ளைகள் அல்ல. தாய் மரமே மறுபடி எழுந்த உருவங்கள். ஒரு குன்றில் நாம் நூறு மரங்களை எண்ணினாலும், அவை நாலைந்து வேர்களின் துளிர்களாகவே இருத்தல் கூடும்.

இதைக் கண்ணால் அறிய இயலாது. ஆகவே விஞ்ஞானிகள் இலையிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து ஆராய்கிறார்கள். அது நான்கே எழுத்துக்களால் எழுதப்பட்ட நீண்ட சுவடி. அதில் சிற்சில இடங்களில் இரண்டு மூன்று எழுத்துக்கள் திரும்பத் திரும்ப வரும். உதாரணமாக, ஒரு மரத்தில் பத்து முறை வருவது இன்னொன்றில் பதினான்கு முறை வரலாம். ஒவ்வோர் இடத்துக்கும் தாய்வழி எண் ஒன்று, தந்தைவழி எண் ஒன்று. பல இடங்களில் இரு மரங்களின் எண்கள் முற்றும் ஒத்திருந்தால், அவை ஒரே வேரின் துளிர்களாதல் வேண்டும். காடெங்கும் தாய்வழி எண்ணும் தந்தைவழி எண்ணும் ஒன்றாகவே காணப்படுமாயின், உறவுக்குள்ளேயே கலப்பு நேர்ந்துவிட்டது என்று பொருள். கோத்திரம் பார்த்து மணம் பேசும் நம்மவருக்கு இதன் கெடுதலை விளக்க வேண்டுமோ? பெங்களூரிலுள்ள மர விஞ்ஞான ஆராய்ச்சி நிலையம் இத்தகைய ஆராய்ச்சிகளை நடத்தியிருக்கிறது.

பயன் யாதெனில், ஜவ்வாது மலை, மறையூர் போன்ற வெவ்வேறு இடத்து மரங்களில் உறவற்றவற்றைத் தேர்ந்து விதைத் தோட்டம் அமைக்கலாம். கன்றைப் பார்த்து அதில் எவ்வளவு வைரம் ஏறும் என்று எவராலும் சொல்ல முடியாது. தேர்வில் பிழை நேர்ந்தால், அது தெரிய வரும்பொழுது இருபது முப்பது ஆண்டுகள் வீணாகியிருக்கும். நோயைத் தாங்கும் குணம் இன்று எவரும் மதியாத மெலிந்த மரமொன்றில் ஒளிந்திருக்கலாம். அதையும் இழந்தால் பிறகு எங்கே தேடுவது?

சிலி தேசத்துக்குச் சொந்தமான ஹுவான் பெர்னாண்டஸ் தீவுகளில் வேறொரு சந்தன இனம் இருந்தது. 1908-ல் ஸ்கோட்ஸ்பெர்க் என்னும் தாவர சாஸ்திரி அங்கே கண்டது ஒரே மரம். பின்னர் அவ்வினத்தை எவரும் உயிருடன் கண்டதில்லை.

கர்நாடகத்தில் 2001-லும் தமிழ்நாட்டில் 2002-லும் சட்டம் திருத்தப்பட்டு, தம் நிலத்திலுள்ள சந்தனத்துக்கு நிலக்காரரே உரிமையாளர் ஆயினர். ஆகவே காப்பாற்றும் கடமை இப்பொழுது நம் கைக்கும் வந்திருக்கிறது. கன்று வாங்குவோர் விலையை மட்டும் விசாரியாமல், "இவை எத்தனை தாய் மரங்களின் விதை?" என்றும் கேட்பார்களாக. அந்த ஒரு கேள்வியில் நம் பேரர் இழைக்கப்போகும் சந்தனம் இருக்கிறது.