சோட்டா பீமுக்கு வண்ணம் தீட்டலாமா?

ஊரப்பாக்கத்தில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய ஜெராக்ஸ் கடைகளில், ஆதார் நகல் எடுக்க வருபவர்களுக்கு நடுவே செல்போனை நீட்டி, "அண்ணா, இதுல நாலு காப்பி போட்டுத் தாங்க" என்று கேட்கும் அம்மாக்களும் உண்டு. போனில் இருப்பது சோட்டா பீமோ டோரேமானோ, கோட்டோவியமாக. விடுமுறை நாளில் பிள்ளையைத் தொலைக்காட்சியிலிருந்து எழுப்ப ஒரு தாளும் நாலு கிரேயானும் போதும். அந்தத் தாளுக்குப் பின்னால் உரிமைச் சட்டம் ஒன்று இருப்பதும், அதைத் தேடிப் போகும் வழியில் பணப்பைக்கே ஆபத்து இருப்பதும் பல வீடுகளுக்குத் தெரிவதில்லை.

முதலில் நிம்மதியான செய்தி. வீட்டுப் பிள்ளை வண்ணம் தீட்ட ஒரு படத்தை அச்செடுப்பதற்காக யாரும் அஞ்ச வேண்டியதில்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், சொந்தப் பயன்பாட்டுக்காக நியாயமான அளவில் நகலெடுப்பதை 52ஆவது பிரிவில் மீறலாகக் கருதாமல் விட்டுவிடுகிறது. பாடம் நடத்தும்போது ஆசிரியரோ மாணவரோ நகலெடுப்பதற்கும் அதே பிரிவில் இடம் இருக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்து ராமேஷ்வரி ஜெராக்ஸ் கடை மீது பெரிய பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில், 2016இல் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த விலக்கை விரிவாகவே பொருள்கொண்டது. 2017இல் உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது. அது கல்லூரிப் பாடத் தொகுப்பு பற்றிய வழக்குதான். ஆனாலும் எல்.கே.ஜி. வகுப்பில் நிறம் கற்றுத்தர ஒரு தாளை நகலெடுக்கும் ஆசிரியைக்கும் அதன் நிழல் உண்டு.

காசு கைமாறும் இடத்தில்தான் சிக்கல் பிறக்கிறது. இணையத்தில் திரட்டிய கார்ட்டூன் படங்களை ஸ்பைரல் போட்டுப் பிறந்தநாள் ரிட்டர்ன் கிஃப்டாக விற்பது, நூற்றுக்கணக்கான பக்கங்களை ஒரே பி.டி.எஃப். ஆக்கி வாட்ஸ்அப் குழுவில் விலைபேசுவது எல்லாம் மீறலே. 'மறுவிற்பனை உரிமையோடு' என்று சொல்லி இத்தகைய தொகுப்புகளை இல்லத்தரசிகளிடம் தள்ளிவிடும் விளம்பரங்களை நம்பவே கூடாது. சோட்டா பீமின் உரிமை ஐதராபாத்தின் கிரீன் கோல்டு அனிமேஷன் நிறுவனத்துடையது. அந்த நிறுவனம் தராத உரிமையை நடுவில் இருப்பவர் எப்படி விற்க முடியும்? டோரேமானைப் படைத்த ஃபுஜிக்கோ எஃப். ஃபுஜியோ மறைந்தது 1996இல். படைத்தவர் மறைந்து 60 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும் என்ற நம் சட்டக் கணக்குப்படி, 2056 முடியும்வரை அந்தப் பூனை பொதுச்சொத்து ஆகாது.

பெயரை மாற்றிவிட்டால் தப்பிக்கலாம் என்று நினைப்பதும் தவறு. 'நாகராஜ்' காமிக்ஸை வெளியிட்ட ராஜா பாக்கெட் புக்ஸ், அதே சாயலில் 'நாகேஷ்' என்ற பாத்திரத்தைக் கொண்டுவந்த ராதா பாக்கெட் புக்ஸ் மீது வழக்குப் போட்டு, 1996இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் தடையுத்தரவு பெற்றது. தெரிந்தே பதிப்புரிமையை மீறினால் 63ஆவது பிரிவின்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. இது ஜாமீனில் விட முடியாத குற்றம் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

மழலையர் பள்ளி நடத்துபவர்கள் சுவரையும் சேர்க்கை நோட்டீஸையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. 1989இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் மூன்று குழந்தைக் காப்பகங்களின் சுவரில் மிக்கி மவுஸும் நண்பர்களும் இருந்ததற்காக டிஸ்னி நிறுவனம் வழக்கு மிரட்டல் விடுத்தது. படங்கள் அழிக்கப்பட்டன. வகுப்பறைத் தாளுக்குக் கிடைக்கும் விலக்கு விளம்பரப் பலகைக்குக் கிடைக்காது.

சட்டத்தைவிட அன்றாடம் கவலைப்பட வேண்டியது தேடும் இடத்தைப் பற்றித்தான். இலவசப் படம் தரும் பக்கங்கள் பலவற்றில் உண்மையான டவுன்லோடு பொத்தானைச் சுற்றி அதே நிறத்தில் விளம்பரப் பொத்தான்கள் இருக்கும். வண்ணம் தீட்டும் படம் பெரும்பாலும் பி.டி.எஃப்., ஜேபெக், பி.என்.ஜி. போன்ற வடிவங்களில்தான் வரும். ஏ.பி.கே. என்று முடியும் கோப்பு இறங்கினால் அது படமே அல்ல, செயலி. உடனே அழித்துவிட வேண்டும். ஒரு படத்துக்காக ஓ.டி.பி., கார்டு எண் கேட்கும் பக்கத்தையும் அப்படியே மூடிவிடலாம். பிள்ளையின் கையில் போனைக் கொடுத்து "நீயே தேடிக்கோ" என்று விடுவது இன்னும் மோசம். பழகிய கார்ட்டூன் முகங்களையே வைத்து வன்முறையும் ஆபாசமும் கலந்து குழந்தைகளைக் குறிவைத்த வீடியோக்கள் 2017இல் உலகெங்கும் அதிர்ச்சியைக் கிளப்பியதை மறக்கக் கூடாது.

குழந்தையின் போட்டோவை ஏற்றினால் அதையே வண்ணம் தீட்டும் கோட்டோவியமாக மாற்றித் தரும் தளங்கள் இப்போது வந்துவிட்டன. அந்த முகம் எந்த நாட்டு சர்வரில், எவ்வளவு காலம் இருக்கும் என்று பெற்றோருக்குத் தெரியாது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. குழந்தைகளைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டுவதையும் தடுக்கிறது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். சட்டம் வந்துவிட்டது என்பதற்காகப் போட்டோவை ஏற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டாம். ஏற்றாமல் இருப்பதே இன்றைய பாதுகாப்பு. போலிப் பக்கங்களில் சிக்கிப் பணம் பறிபோயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். சீக்கிரம் சொன்னால் போன பணத்தை இடையிலேயே முடக்க வாய்ப்பு அதிகம்.

தடையில்லாத படங்களுக்கும் பஞ்சமில்லை. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளும் ஓவியங்களும் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. படைத்தவர் பெயரைக் குறிப்பிட்டால் போதும், விற்கவும் தடையில்லை. ஊரப்பாக்கம் இருக்கும் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே, மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசுப் பாறையில் தவம் செய்யும் பூனையும் அதைச் சுற்றி எலிகளும், பின்னங்காலால் மூக்கைச் சொறியும் மானும், குட்டிகளோடு யானைகளும் இருக்கின்றன. பல்லவச் சிற்பிகள் செதுக்கிய இந்தப் பாத்திரங்களுக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். இன்னொருவர் எடுத்த போட்டோவைப் பார்த்து வரையாமல் நேரில் பார்த்தோ, சொந்தமாகப் படம் எடுத்தோ வரைந்தால் அந்தக் கோட்டோவியம் வரைந்தவருக்கே சொந்தம்.

அப்படி வரைபவர்களுக்கும் சட்டம் துணை நிற்கிறது. வரைந்த கணமே உரிமை பிறந்துவிடும், பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் பதிவுச் சான்று இருந்தால் வழக்கில் கைகொடுக்கும். ஓர் ஓவியத்துக்குக் கட்டணம் 500 ரூபாய், விற்பனைப் பொருளில் அச்சிடக்கூடியதாக இருந்தால் 2,000 ரூபாய். யாரோ திருடி இணையத்தில் போட்டிருந்தால், அந்தத் தளத்துக்கு எழுத்துப்பூர்வமாகப் புகார் அனுப்பினால் 36 மணி நேரத்துக்குள் முடக்க வேண்டும். 21 நாட்களுக்குள் நீதிமன்ற உத்தரவு வாங்கத் தவறினால் மட்டுமே அது மீண்டும் வெளியே வரலாம். திருடியவர் சூரத்தில் இருந்தாலும், 62ஆவது பிரிவின்படி ஊரப்பாக்கத்து ஓவியர் தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். மாறாக, எந்தத் தவறும் செய்யாத கடைக்காரருக்கோ ஆசிரியைக்கோ யாராவது மீறல் நோட்டீஸ் அனுப்பிப் பணம் கேட்டு மிரட்டினால், 60ஆவது பிரிவின்கீழ் அந்த மிரட்டலுக்குத் தடை வாங்கி, நேர்ந்த நஷ்டத்துக்கு ஈடும் கேட்கலாம்.