ஏசி மாட்ட வருபவரிடம் உரிமம் கேட்டீர்களா?

கோடை வந்துவிட்டால் வானிலை ஆய்வு மையத்தின் வெப்பநிலைப் பட்டியலில் வேலூரோடு முதலிடத்துக்கு மல்லுக்கு நிற்கும் ஊர் திருத்தணி. 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாட்கள் இங்கே புதிதல்ல. 365 படி ஏறி இறங்கி முருகனைத் தரிசித்து வருபவர் விடுதி அறையில் முதலில் தேடுவது ஏசி ரிமோட்டை. வீடுகளிலும் இப்போது ஏசி உண்டு. நட்சத்திரக் குறியீடு பார்த்து, பேரம் பேசி, தவணையில் வாங்குகிறவர்கள், அதைச் சுவரில் மாட்ட வருபவர் யார் என்று மட்டும் விசாரிப்பதில்லை.

அமெரிக்காவின் பல நகரங்களில் புதிதாக ஏசி பொருத்துவதற்கே நகர நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். வேலை முடிந்ததும் ஆய்வாளர் வந்து பார்ப்பார். கலிபோர்னியாவில் இந்தத் தொழிலுக்கு சி-20 என்று தனி உரிமமே இருக்கிறது. அது செல்லுமா, ரத்தானதா என்று யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். சிங்கப்பூரின் அடுக்குமாடி வீடுகளில் அவுட்டோர் யூனிட்டைப் பொருத்துவது பயிற்சி பெற்றுப் பதிவு செய்தவர்களின் வேலை.

நம் ஊரில் ஏசி மெக்கானிக்குக்கு அப்படித் தனி உரிமம் இல்லை. அதற்காகக் கேட்க ஒன்றுமே இல்லை என்று விட்டுவிட முடியாது. ஏசிக்கென்று தனி லைன் இழுப்பதும், எம்சிபி போடுவதும், எர்த் கொடுப்பதும் மின்பணி. மத்திய மின்சார ஆணையத்தின் 2023-ஆம் ஆண்டுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளின்படி, பல்பு, ஃபேன், சுவிட்ச் மாற்றுவது போன்ற சில்லறை வேலைகள் போக மற்றதை உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர்தான் செய்ய வேண்டும். கூடவே தகுதிச் சான்றிதழ் உள்ளவரின் நேரடி மேற்பார்வையும் வேண்டும். தமிழ்நாட்டில் இந்த உரிமத்தைக் கொடுப்பது மின் உரிமம் வழங்கும் வாரியம்.

ஆகவே உரிமத்தின் அசலைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். அது யார் பெயரில் இருக்கிறது, எந்தத் தேதி வரை செல்லும், வேலைக்கு வந்திருக்கும் ஆள் அவருடைய வயர்மேன்தானா? உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, ஏணியில் ஏறுவது வேறொருவராக இருந்தால் அந்தக் காகிதத்தால் பயனில்லை.

எல்லையோர ஊர் என்பதால் இன்னொரு கேள்வியும் வருகிறது. 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. ஆனாலும் ஆந்திரத்து நகரி, புத்தூர் பக்கத்து உறவும் தொழிலும் அறுந்துவிடவில்லை. அங்கிருந்து வருபவர் கைதேர்ந்தவராகவே இருக்கலாம். ஆனால் மின் ஒப்பந்த உரிமத்தை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக வழங்குகிறது. இங்கே செல்லும் உரிமம் அவரிடமோ அவரை அனுப்பியவரிடமோ இருக்கிறதா என்று கேட்பதில் யாருக்கும் மனத்தாங்கல் வரத் தேவையில்லை.

வாயு சம்பந்தப்பட்ட பாதிக்கு இந்த உரிமம் பதில் சொல்லாது. ஏசியைக் குளிர்விக்கும் வாயுக்களில் பழைய ஆர்-22 தீப்பற்றாது. இன்று பரவலாக வரும் ஆர்-32 மெதுவாகத் தீப்பற்றக்கூடியது; சில மாடல்களில் உள்ள ஆர்-290 என்பது புரொப்பேன், சட்டென்று பற்றிக்கொள்ளும். தீ மட்டுமல்ல, கசிவும் ஆபத்துதான்: 2018 அக்டோபரில் சென்னை கோயம்பேடு பகுதியில் ஏசியிலிருந்து கசிந்த வாயுவால் ஒரே குடும்பத்தில் மூன்று பேர் தூக்கத்திலேயே இறந்ததாகச் செய்திகள் வந்தன. எனவே ஐடிஐயில் இரண்டாண்டு குளிர்பதனப் பிரிவு படித்தவரா, ஏசியைத் தயாரித்த நிறுவனத்தின் பயிற்சி பெற்றவரா என்று கேட்பது அவசியம்.

அவர் கொண்டுவரும் சாமான்களையும் கவனிக்கலாம். காப்பர் பைப்பில் கசிவு இருக்கிறதா என்று அழுத்தம் கொடுத்துச் சோதிக்க நைட்ரஜன் சிலிண்டர்தான் வேண்டும். வெல்டிங்குக்கு வைத்திருக்கும் ஆக்சிஜனைத் திறந்துவிட்டால், கம்ப்ரசர் எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும் ஆபத்து உண்டு. வேக்கம் பம்ப் போட்டுக் குழாயிலிருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்காமல், கொஞ்சம் கேஸைத் திறந்துவிட்டு "ஏர் போயிடுச்சு சார்" என்று நட்டை முறுக்குபவரை அங்கேயே நிறுத்தலாம், நிறுத்துவதுதான் சரி.

நகராட்சியில் அனுமதிப் பதிவேடு இல்லாத ஊரில், ஒருவரின் பழைய வேலைதான் பதிவேடு. இரண்டு கோடைக்கு முன் அவர் மாட்டிய வீடு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். அங்கே பிளக் பாயின்ட் கறுத்திருக்கிறதா, இன்டோர் யூனிட்டிலிருந்து சுவரில் தண்ணீர் வழிந்த கறை இருக்கிறதா, வருஷா வருஷம் கேஸ் ஏற்ற வேண்டியிருக்கிறதா என்று அந்த வீட்டுக்காரரிடமே கேட்டுவிடலாம். சித்திரை பிறந்துவிட்டால் மெக்கானிக்குக்கும் நேரமிருக்காது, வெக்கையில் வீட்டுக்காரருக்கும் பொறுமை இருக்காது. மாசியிலேயே விசாரித்து வைப்பது நல்லது.